சுன்னாகம் பட்டினமானது யாரால்?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அவருடைய அப்பப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுன்னாகத்தில் தோட்டம் செய்தவர். கேட்டவர் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர். "கந்தரோடை ராசாக்களின் தலைநகரம் எங்கள் ஊர்" என்கிறார் சித்தப்பா. "அப்படி ஒன்றுமில்லை, ஒல்லாந்தன் (டச்சுக்காரன்) சந்தை வைத்தான், அதனால் வந்த ஊர்" என்கிறார் மாமா. இரண்டில் எது சரி, ஊர் எத்தனை வருடம் பழையது என்று கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த மண்ணில் மனிதர் எப்போது குடியிருந்தார்கள் என்பது ஒன்று. தோட்டக்காரர்களின் ஊர் ஒன்றுக்கு, அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் விடியுமுன்னே குலையும் கீரையும் கட்டிக்கொண்டு ஏன் வரத் தொடங்கின என்பது மற்றது. சித்தப்பா முதலாவதற்கும் மாமா இரண்டாவதற்கும் பதில் சொல்கிறார்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். அப்பப்பா தோட்டக்காரர் அல்லவா?

நான் தொழிலால் நில அளவையாளன். சுன்னாகமும் அடங்கிய வலிகாமப் பகுதிக் காணிகளை அளந்தும், பழைய உறுதிகளையும் (காணிப் பத்திரங்களையும்) வரைபடங்களையும் வாசித்தும் காலம் போயிருக்கிறது. ஆகவே உறுதி, கிணறு, ஒழுங்கை, வாய்க்கால் என்பவற்றை வைத்துச் சொல்லும் இடங்களில் கொஞ்சம் துணிந்து பேசுவேன். தொல்லியலில் நான் வாசகன் மட்டுமே. அங்கே நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கந்தரோடையிலிருந்து தொடங்குவோம். சுன்னாகத்துக்கு மேற்கே ஒட்டியிருக்கும் அந்த ஊர் மிகப் பழையது என்பதில் சந்தேகமே இல்லை. 1917 அளவில் போல் பீரிஸ் அங்கே ஆராய்ந்து, முருகைக்கல்லால் கட்டிய சிறு தூபிகளின் தொகுதியை வெளிக்கொண்டு வந்தார். அச்சுக் குத்திய நாணயங்களும் உரோம நாணயங்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலத்துக்குரிய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் வந்தன. கிறிஸ்துவுக்கு முன்பே மக்கள் வாழ்ந்து, கடல் கடந்து வணிகம் செய்த இடம் அது. இவ்வளவும் உறுதி.

தூபிகள் பௌத்தச் சின்னங்கள் என்பதும் அப்படியே. அவற்றை வழிபட்டவர்கள் தமிழ்ப் பௌத்தரா சிங்களப் பௌத்தரா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. இன்றைய அரசியலுக்கு அந்தக் கேள்வி தேவைப்படுகிற அளவுக்கு, மண்ணுக்குள் இருக்கும் சான்று பேசுவதில்லை. 'கதிரமலை' என்ற தலைநகர் கந்தரோடைதான் என்பது பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால் கருத்துத்தான். கதிரமலையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதியது. சொல்லப்படும் அரசர்களுக்கும் எழுதியவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள். சுன்னாகத்தில் கதிரமலைச் சிவன் கோயில் இருக்கிறதே என்று சித்தப்பா கேட்கலாம். கோயில் பெயர் ஒரு நினைவைக் காட்டும், தலைநகரத்தைக் காட்டாது.

எனக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கந்தரோடை செழித்த காலத்துக்கும் சுன்னாகம் சந்தையூராகத் தெரியவரும் காலத்துக்கும் இடையில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி. அந்த இடைவெளியைத் தொடர்ச்சி என்று காட்டக்கூடிய எதையும் நான் கண்டதில்லை. பக்கத்து வளவில் புதையல் இருந்தது என்பதற்காக எங்கள் வீட்டுக்கு நாங்கள் அரச பரம்பரை ஆகிவிட மாட்டோம்.

மாமாவின் பேச்சில் உண்மை கொஞ்சம் கூட. ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். எதற்கும் வரி, எதற்கும் தோம்பு என்ற பதிவேடு. காணிகளை ஆள்பேர் வழியாகப் பதிந்ததும், 1707இல் யாழ்ப்பாணத்தாரின் வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுதியதும் அவர்கள் காலத்து வேலை. சந்தைகளில் ஆயம் (சந்தை வரி) வாங்கும் குத்தகையும் அரசுக்கு வருமானம்தான். ஆனால் ஆயம் வாங்குபவன் சந்தையைப் படைப்பவன் அல்லன். கூடுகிற இடத்தில்தான் ஆயக்காரன் பாய் விரிப்பான். ஒல்லாந்தர் சந்தையை 'வைத்தார்கள்' என்பதைக் கேள்விப்பேச்சாகவே வைத்திருங்கள்.

சரி, ஏன் கூடினார்கள்? இங்கேதான் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

சுன்னாகத்தில் நின்று மேற்கே போனால் கந்தரோடை வயல்வெளி. அதனூடாகத்தான் வழுக்கையாறு போகிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிற ஆறு. கிழக்கே ஏழாலை, புன்னாலைக்கட்டுவன், புத்தூர் என்று போனால் செம்பாட்டு மண், அதாவது சிவந்த மண். அங்கே தண்ணீர் தேங்காது. பெய்த மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல் வெடிப்புகளில் போய் நிற்கும். ஆக, ஒரு பக்கம் மாரி நெல், மறுபக்கம் கிணற்றை நம்பிய தோட்டம். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கும் எல்லைக்கோட்டில் ஊர் நிற்கிறது. நெல்லும் வைக்கோலும் ஒரு திசையிலிருந்தும், புகையிலையும் மரக்கறியும் மறு திசையிலிருந்தும் வரும்போது இடையில் கைமாறத்தான் செய்யும். இது என் ஊகம், ஆவணம் அல்ல. ஆனால் நிலத்தின் அமைப்பு இந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது.

யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களுக்கு நிலத்தடி நீர்தான் கதி. சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணீர், கனமான உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர் வீதியிலே இருக்கிற நிலாவரைக் கிணறு இதற்கு எல்லோரும் அறிந்த சாட்சி: மேலே குடிக்கலாம், ஆழத்தில் உப்பு. எனவே இங்கே கிணறு என்பது ஆழத் தோண்டினால் கூடக் கிடைக்கும் செல்வம் அல்ல. அளவோடு இறைத்தால்தான் நிலைக்கும். பழைய தோட்டக்காரருக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் கட்டுப்பாடு தெரியும். துலா இருந்தவரை அந்தக் கட்டுப்பாட்டை மீறவும் முடியாது.

துலாவைப் பார்க்காத தலைமுறைக்காகச் சொல்கிறேன். கிணற்றடியில் ஆடுகால் நாட்டி, அதன்மேல் நீண்ட துலா. துலாவின்மேல் ஒருவர், சில தோட்டங்களில் இருவர், முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கிணற்றுக் கட்டில் நிற்பவர் பனையோலைப் பட்டையை இறக்கி நிரப்பி, மேலே வந்ததும் தொட்டிக்குள் கவிழ்ப்பார். வாய்க்கால் வழியே ஓடிவரும் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாறிவிட இன்னொருவர். விடியமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை. ஒரு குடும்பத்துக்கு எத்தனை பரப்பு (எங்கள் காணி அளவு) தோட்டம் செய்யலாம் என்பதைத் தீர்மானித்தது காணியின் அளவு அல்ல, இந்த ஆட்பலம். வலிகாமத்துத் தோட்டத் துண்டுகள் ஏன் இவ்வளவு சிறியவை என்று கேட்பவர்கள் சீதனமாகக் காணி பிரிபடுவதை மட்டும் குற்றம் சொல்வார்கள். துலாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆட்பலம் யாருடையது என்பதையும் மறைக்கக் கூடாது. காணி உறுதியில் பேர் உள்ளவர்தான் துலா மிதித்தார் என்றில்லை. தேசவழமைச் சட்டத்திலேயே அடிமைகளைப் பற்றிய பிரிவுகள் உண்டு. ஆங்கிலேயர் 1844இல் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்த பிறகும், கூலியாகவும் குடிமை என்ற சாதிக் கடமையாகவும் அதே சாதியினர்தான் அதே தோட்டங்களில் இறைத்தார்கள், கொத்தினார்கள், பசளைக்காகக் குழையை மண்ணுக்குள் தாழ்த்தார்கள். பல கிணறுகளில் அவர்கள் வேளாளருடைய பயிருக்கு நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கலாம், தங்கள் குடத்தில் அள்ளக் கூடாது. ஊர் வரலாறு எழுதும் கோயில் சிறப்பு மலர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும்.

இனிப் புகையிலை. நெல்லும் மரக்கறியும் ஊருக்குள் சுற்றும். வெளியிலிருந்து காசு கொண்டுவந்த பயிர் புகையிலைதான். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. அங்கே அரசு கையை இறுக்கினால் இங்கே தோட்டக்காரன் திண்டாடுவான். புகையிலை பசியுள்ள பயிர். எருவுக்காக மாட்டுப் பட்டி அடைக்க வேண்டும், வண்டி வண்டியாகக் குழை வாங்கித் தாழ்க்க வேண்டும், ஒழுங்காக இறைக்க வேண்டும். அதற்குக் கடன் வேண்டும், குழை வேண்டும், மாடு வேண்டும், வாங்குபவன் வேண்டும். இவை நாலும் சந்திக்கும் இடம் சந்தை. மரக்கறி விற்க மட்டும் என்றால் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆலமரத்தடி போதும். பெரிய சந்தையை வளர்த்தது காசுப்பயிர் என்பது என் முடிவு.

இந்தப் போக்குவரத்து புகையிரதத்துக்கு முந்தியது என்பதற்கு வீதியோரத்தில் பார்க்கலாம். மடம், கேணி, சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்சும் ஆவுரஞ்சிக்கல் என்று நடந்து போகிறவருக்கும் மாட்டுக்கும் செய்த தர்மங்கள் வலிகாமத்து வீதிகளில் கிடந்தன, சில இன்னும் கிடக்கின்றன. மருதனார்மடச் சந்தியின் பெயரும் அப்படி ஒரு மடத்தால் வந்ததே. தலையில் சுமை இல்லாத ஊரில் யாரும் சுமைதாங்கி கட்ட மாட்டார்கள்.

பின்பு தண்டவாளம் வந்தது. யாழ்ப்பாணம் காங்கேசன்துறைப் பகுதி 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் கொழும்புவரை இணைந்தது. இணுவிலுக்கும் மல்லாகத்துக்கும் நடுவே சுன்னாகத்தில் நிலையம். காங்கேசன்துறை வீதியும் புத்தூர்ப் பக்கத்து வீதியும் சேரும் இடத்தில் நிலையமும் அமைந்ததால், போட்டியாக இருந்திருக்கக்கூடிய மற்றச் சந்தைகளை இது முந்திவிட்டது. ஊரைப் பட்டினமாக்கியது எது என்று ஒரே சொல்லில் கேட்டால், கிணறு ஊரை உண்டாக்கியது, புகையிரதம் பட்டினமாக்கியது என்பேன். பட்டினசபை, மின்நிலையம், கடைத்தெரு எல்லாம் அந்த வழியில் வந்தவை.

படிப்பும் அச்சும் கூட வந்தன, அவற்றை விரித்தால் பதில் நீளும். 1894இல் கந்தரோடையில் ஸ்கந்தவரோதயா தொடங்கியது, 1913இல் மருதனார்மடத்தில் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்குக் கல்லூரி வைத்தார். 1854 முதல் 1922 வரை வாழ்ந்த குமாரசுவாமிப் புலவரின் பெயரோடு சுன்னாகம் என்ற ஊர்ப்பெயர் ஒட்டியே வரும். 1930இல் தொடங்கி 1958வரை வந்த ஈழகேசரியும் சுன்னாகத்திலிருந்து வெளிவந்த பத்திரிகைதான். வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே இலக்கியம் எப்படி வளர்ந்தது என்று வியப்பவர்கள் உண்டு. விளைச்சலில் காசு கண்ட தோட்டக்காரன் பிள்ளையைப் படிக்கவைத்தான், படித்தவன் பத்திரிகை வாங்கினான். வியக்க என்ன இருக்கிறது?

ஒரு தேதியை மட்டும் உங்கள் சித்தப்பாவிடமும் மாமாவிடமும் கேட்டுப் பாருங்கள்: 1966 ஒக்டோபர் 21. அன்று தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினர் முன்னின்று நடத்தியது. பொலிஸார் தடியடி நடத்தினார்கள், அதையும் மீறி ஊர்வலம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அப்போது புத்தகத்தில் இருந்தது, தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் இல்லை. ஊர்வலம் ஏன் சுன்னாகத்தில் தொடங்கியது? எல்லாச் சாதியும் விரும்பியோ விரும்பாமலோ கூடும் இடம் சந்தைப் பட்டினம்தான் என்பது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால், கதிரமலை அரசர்களைவிட இந்த ஊர்வலத்தைப் பற்றிப் பெருமைப்படச் சுன்னாகத்தாருக்கு அதிக காரணம் உண்டு.

அதே காலத்தில் கிணற்றடியும் மாறிக்கொண்டிருந்தது. 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் பரவியது. துலா மிதித்த பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள், நல்லது. கிணறு மட்டும் ஓய்வில்லாமல் இறைபட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துத் தோட்டக்காரன் கையில் அதுவரை காணாத காசு புழங்கியது. கல்வீடுகள் எழும்பின. புகையிலை நின்ற இடங்களில் மிளகாய் நின்றது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. உங்கள் அப்பப்பா தோட்டம் செய்த காலம் இதுவாக இருந்தால், குடும்பத்தில் யார் எப்போது வெளிநாடு போனார்கள் என்பதோடு இந்த வருடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாரும் 1983 இனக்கலவரத்துக்காக மட்டுமே போகவில்லை.

போர்க்காலத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 1990இல் புகையிரதம் நின்றது. எரிபொருள் தடையால் இயந்திரங்கள் தூங்கின, கழற்றி எறிந்த துலாக்களைச் சிலர் மீண்டும் கட்டினார்கள். வலிகாமம் வடக்கில் செம்பாட்டுத் தோட்டங்களை இழந்து இடம்பெயர்ந்த விவசாயிகள் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் இருந்துகொண்டு பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார்கள். பலருக்கு அது சில மாதம் என்று தொடங்கி இருபது வருடத்தையும் தாண்டியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது, மறு வருடம் திரும்பியவர்கள் திரும்பினார்கள். காங்கேசன்துறைப் புகையிரதம் மீண்டும் ஓடியது 2015 சனவரியில்.

அண்மைக் காலத்தில் ஊரின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி எது என்று கேட்டால் கிணற்றில் எண்ணெய் வந்ததைத்தான் சொல்வேன். சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டு, 2014க்கும் 2015க்கும் இடையில் அது போராட்டமாக வெடித்தது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், அங்கே இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு பாதிப்பு, எது எங்கிருந்து வந்தது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே முரண்பாடு இருந்தது. அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. எண்ணெய் இல்லாத கிணறுகளிலும் பல வருட உரப் பாவனையால் நைத்திரேற்று கூடியிருப்பது வலிகாமம் முழுவதற்கும் பொதுவான, ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன விடயம். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது.

கடைசியாக, உங்கள் குடும்பத்தின் பங்கை எப்படித் தேடுவது என்பது. அப்பப்பாவின் தோட்ட உறுதியின் நகல் வீட்டில் எங்காவது இருக்கும். அதில் காணியின் பெயர், விஸ்தீரணம், நாலு பக்க எல்லைக்காரர்கள், எந்த வழியில் உரிமை வந்தது என்பன இருக்கும். விஸ்தீரணத்தில் பரப்பு வரகுக் கணக்கா நெல் கணக்கா என்று பாருங்கள். வரகுப் பரப்பு 18 குழி, 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் பரப்பு 12 குழி, 24 பரப்பு ஓர் ஏக்கர். இன்று வீடு நிற்கும் காணி நெல் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் அது ஒருகாலம் வயலாக இருந்த நிலம் என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் பங்கு என்று வரும் வரிகளைக் கவனமாக வாசியுங்கள். கிணற்றில் பதினாறில் ஒரு பங்கு என்று இருந்தால், அந்த மற்றப் பங்குக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். உங்களுக்குத் தெரியாத சொந்தக்காரர்கள் அங்கே இருப்பார்கள்.

உரிமை வந்த வழியில் சீதனம் என்று இருந்தால் அப்பப்பாவை விட்டுவிட்டு அப்பம்மா பக்கம் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணி பெரும்பாலும் பெண் வழியே கைமாறியது, அதனால் 'அப்பப்பாவின் தோட்டம்' என்று நீங்கள் கேட்டு வளர்ந்தது அப்பம்மாவின் தாயுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உறுதி இலக்கத்தையும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்தால், அதற்கு முந்திய உறுதிகளைப் பின்னோக்கித் தொடரலாம். ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்பினால் போதும், நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. போர்க்காலத்தில் அழிந்த ஏடுகள் உண்டு, எனவே சங்கிலி இடையில் அறுந்தால் மனம் தளராமல் எல்லைக்காரரின் உறுதியைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் காணியின் பெயர் அங்கே எல்லையாக எழுதப்பட்டிருக்கும்.